இரட்டைக் கோபுரம் வேண்டாமாம், கல் போதுமாம்

ஜூன் 12, வியாழன் – கோலாலம்பூர்

மனைவியின் சித்தப்பா கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறார் என்றதும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங், மஸ்ஜிட் இந்தியா துணிக்கடைகள். இன்று காலை பசியாறும்போது மாமா அதை முழுக்கப் படித்தார். "நல்லா இருக்குங்க மாப்பிள்ளை" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் பட்டியலை எடுத்து நீட்டினார். பெங்காலான் கெம்பாஸ், அலோர் காஜா, சுங்காய், புக்கிட் மெர்தாஜாம். பிறந்ததிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறேன், இவற்றில் எதற்கும் வேலை வைத்துப் போனதில்லை.

"இங்கெல்லாம் என்ன மாமா இருக்கு?"

"கல்லு."

மாமா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமையானால் சிநேகிதர்களோடு குன்று குன்றாக ஏறி நடுகல், கல்வட்டம், கல்திட்டை தேடுகிறவர். அவர் ஊர்ப்பக்கம் மல்லசந்திரத்தில் ஒரு குன்று முழுக்கக் கல்திட்டைகள்: பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே பெரிய மூடுகல்லைப் போட்டு, முன்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். இறந்தவர்களுக்கு எழுப்பியவை. ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தார். பேரப்பிள்ளைகள் படம் நடுவில் இரண்டே இரண்டு வந்தது.

வேலை நாள் என்பதால் இன்றைக்குப் பக்கத்திலேயே தேசிய அருங்காட்சியகம். எனக்கு 2 வெள்ளி (ரிங்கிட்), மாமாவுக்கு வெளிநாட்டவர் கட்டணம் 5. அதை அவர் உடனே ரூபாயாக மாற்றினார். ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 20 ரூபாய் என்பது அவர் கணக்கு. "நூறு ரூபா. பரவால்ல, நியாயந்தான்."

கட்டடம் 1963 ஆகஸ்ட் 31 அன்று திறக்கப்பட்டது. முன்பு இதே இடத்தில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகம் 1945இல் நேசப்படைகளின் குண்டுவீச்சில் அழிந்துபோனது. இந்தக் கட்டடம் எழுந்த காலத்தில் அருங்காட்சியகத் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் முபின் ஷெப்பர்ட். ஆங்கிலேய அரசுப் பணியாளராக மலாயா வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் 1936இலேயே மலாக்கா வட்டாரத்து நிறுத்துகற்களைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று மாமா சொன்னார். நான் தலையாட்டினேன். எங்கள் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் மலாக்காவை நிறுவிய பரமேஸ்வராவுக்கு முன்னால் எதையும் நான் ஊன்றிப் படித்ததாக நினைவில்லை.

முதல் கூடத்தில் லெங்கோங்கில் கிடைத்த பேராக் மனிதனின் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். பத்தாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எலும்புக்கூட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களை விலக்கிக்கொண்டு நேரே இரும்புக்காலத்துக்குப் போனார். பேராக்கில் பெர்ணம் ஆற்றுப் பக்கமும் சுங்காய், சிலிம் பகுதிகளிலும் கருங்கல் பலகைகளைப் பெட்டிபோல் மண்ணுக்குள் நிறுத்திக் கட்டிய கல்லறைகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பகுதியைப் படித்ததும் மாமா முகம் மாறிவிட்டது.

"பாத்தீங்களா, இது நம்ம கல்பதுக்கை."

"அப்போ தமிழர்கள்தான் வந்து கட்டினார்களா மாமா?"

இப்படிக் கேட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கல்லை நட்டவன் எல்லாம் தமிழன் என்று எங்கேயாவது எழுதிவைத்துவிடாதீர்கள் என்றார். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களைப் பொது ஆண்டுக்கு 2500 ஆண்டு முன்பு நிறுத்தினார்கள். பிரான்சில் கார்னாக்கில் 3000க்கு மேற்பட்ட கற்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கொரியாவிலும் உண்டு, நாகர் மலைகளிலும் உண்டு. இறந்தவரை மறக்கக் கூடாது என்று நினைத்த எவனும் முதலில் கையை வைப்பது கல்லின் மேல்தான். அதற்கு ஒருவனைப் பார்த்து ஒருவன் கற்க வேண்டியதில்லை. தொடர்பைச் சொல்லவேண்டும் என்றால் கல்லைப் பார்க்காதே, உள்ளே வைத்த மணியைப் பார், பானையைப் பார், இரும்பைப் பார். சொல்லிவிட்டு, தன் ஊருக்குப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று தேதி வந்திருப்பதையும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெருமை மட்டும் விலக்கு.

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. ஆளுக்கு 13 வெள்ளி. பாகற்காய் வறுவல் இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் வைத்தார் பரிமாறிய அக்கா. "260 ரூபாய்க்கு ரசம் நல்லா இருந்தே ஆகணும்" என்றார் மாமா. நல்லாத்தான் இருந்தது.

ஜூன் 13, வெள்ளி – பெங்காலான் கெம்பாஸ், அலோர் காஜா

சிரம்பான் வரை நெடுஞ்சாலை, அப்புறம் போர்ட்டிக்சன் பக்கம் இறங்கித் தெற்கே லிங்கி சாலை. இரு பக்கமும் செம்பனை. முன்னால் பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று நகர்ந்துகொண்டே இருந்தது, முந்தவும் வழியில்லை. போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லாம் தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஓர் ஆள் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

சரி, சாப்பிட்டு வரலாம் என்று சாலையோரம் ஒரு மலாய்க்கார அம்மா நடத்தும் கடைக்குப் போனோம். நெகிரி செம்பிலான் வந்தால் மாசாக் லெமாக் சீலி ஆப்பி சாப்பிடாமல் திரும்பக் கூடாது. தேங்காய்ப்பாலும் பச்சை மஞ்சளும் ஊசிமிளகாயும் அரைத்து ஊற்றிய குழம்பு, அதில் புகையில் வாட்டிய கெளுத்தி மீன். மாமா மஞ்சள் நிறத்தைப் பார்த்துவிட்டு "இது நம்ம வீட்டு மோர்க்குழம்புதானே" என்று தைரியமாகப் பிசைந்தார். இரண்டாவது கவளத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான்காவதில் கடைக்கார அம்மா தானாகவே வந்து ஒரு கிளாஸ் சிரப் ஐஸ் வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. மீன், சோறு, கீரை எல்லாம் சேர்த்து இருவருக்கும் 24 வெள்ளி. மாமா தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார் என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

மூன்று மணிக்குத் திரும்பிப் போனபோது வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்தார். பாக்சிக் என்று கூப்பிட்டுச் சலாம் சொன்னதும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கூடவே வந்தார்.

இனி கற்கள். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் செதுக்கிய கற்கள் மூன்று. மக்கள் அவற்றுக்கு வாள், கரண்டி, சுக்கான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உருவத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். வாள் கல்லில் புடைப்பாக 'அல்லாஹ்' என்று அரபு எழுத்தில் செதுக்கியிருக்கிறது. எட்ட நின்று பார்த்தால் கறுப்பாகத் தெரிந்த கல், பக்கத்தில் போனால் சாம்பலும் பச்சையும் கலந்த பாசித் திட்டு. செதுக்கிய வளைவுகளின் பள்ளத்தில் ஈரம் தங்கி, அந்த ஈரத்தை ஒட்டியே சிற்றெறும்பு வரிசை ஒன்று மேலே போய் எழுத்தின் விளிம்பில் திரும்பிக் கீழே வந்துகொண்டிருந்தது. மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார். தொடுவதற்கு முன் அந்த ஊர்க்காரரைக் கேட்கவேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் விதி.

பக்கத்திலேயே ஷேக் அகமது மஜ்னுனின் கல்லறை. ஹிஜ்ரி 872, அதாவது 1467-68. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம். அங்கே உள்ள நாற்புறத் தூணில் ஒரு பக்கம் ஜாவி எழுத்து, இன்னொரு பக்கம் கவி எழுத்து. கவி என்பது நம் பல்லவ எழுத்து வழியாக ஜாவாவில் வளர்ந்த எழுத்து. ஒரே மனிதரின் சாவை இரண்டு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அரபு வழி வந்தது ஒன்று, தென்னிந்திய வழி வந்தது ஒன்று. மாமா இதன் முன்னால் நின்ற நேரம்தான் அதிகம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களைப் பற்றிச் சொன்னார். ஆநிரைச் சண்டையில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். பேர், ஊர், செத்த காரணம் எல்லாம் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் நாலைந்து சொல்லுக்குள் அடக்கம். பெருங்கற்காலத்துக் குத்துக்கல்லுக்குப் பேச்சு கிடையாது. எழுத்து கைக்கு வந்ததும் மனிதன் முதல் வேலையாகச் செத்தவன் பெயரை அதில் வெட்டியிருக்கிறான்.

பக்கத்தில் நிற்கும் கற்கள் இந்தக் கல்லறைக்கு முன்பே இருந்தனவா, கூடவே நட்டவையா என்பதில் ஆய்வாளர்களிடம் ஒத்த கருத்து இல்லை. பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஐவர் இவான்ஸ் நூறாண்டுக்கு முன்பே இங்கே வந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதிலிருந்தே அந்த வாதம் ஓடுகிறது.

தூணில் ஒரு துளை இருக்கிறது, கை நுழையும் அளவு. பொய் சொல்பவன் கையை விட்டால் கல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. பாக்சிக் அதைச் சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"முப்பத்தஞ்சு வருஷம் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவன், எத்தனை பேருக்குப் பொய் மார்க் போட்டிருப்பேன். வேண்டாம்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

பாக்சிக் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பாட்டி காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இங்கே வந்து நேர்ந்துகொள்வார்களாம். இப்போது உஸ்தாதுகள் (சமய ஆசிரியர்கள்) கூடாது என்கிறார்கள், யாரும் வருவதில்லை. "ஆனால் இந்தப் பக்கம் கல்லைப் பெயர்த்து எடுக்கவும் எவனுக்கும் கை வராது" என்றார். நெகிரி செம்பிலானிலும் மலாக்காவிலும் இப்படி நிற்கும் கற்களை உயிருள்ள கல் என்பார்கள், மெதுவாக வளர்கிறது என்றும் நம்புவார்கள். அவர் சின்ன வயதில் இந்தச் சுக்கான் கல் தோள் உயரம்தான் இருந்தது என்று சத்தியம் செய்தார். துளைக்குள் கையை விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. வயதுக்கு மரியாதை கொடுத்து அடக்கிக்கொண்டேன்.

இதைக் கேட்டதும் மாமா வெகுநேரம் பேசவில்லை. காரில் ஏறியபின் சொன்னார். கிருஷ்ணகிரிப் பக்கம் கல்குவாரிக்காரன் வெடி வைக்கும்போது தொல்லியல் பலகைக்குப் பயப்படுவதில்லை. ஆனால் அதே கல்திட்டைக்கு மஞ்சள் பூசி ஒரு கிழவி விளக்கு ஏற்றியிருந்தால் பத்தடி தள்ளித்தான் துளை போடுவான். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் கல் நடுவதற்கு ஆறு படி சொல்கிறது. முதல் நாலும் ஒரு நாளோடு முடிந்துவிடும், கடைசி இரண்டை யாராவது வருஷா வருஷம் செய்துகொண்டிருந்தால்தான் கல் நிற்கும் என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரி என்றே படுகிறது, ஒரு சின்ன வருத்தத்தோடு. மஞ்சள் பூசப் பூசக் கல்லில் இருக்கும் எழுத்து மறைந்துபோகும் அல்லவா? அதைக் கேட்டேன். "எழுத்து போனா போகுது, கல்லு இருக்குமில்ல" என்றார். ஆசிரியர் பேசுகிற பேச்சா இது?

எங்கள் பாட்டி இருந்த தோட்டத்திலும் ஆலமரத்தடியில் மூன்று கற்கள் இருந்தன. முனியாண்டி. பால்மரம் (ரப்பர்) வெட்டப் போகிறவர்கள் விடிகாலையில் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நிரைக்குள் இறங்குவார்கள். தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது லயங்களை இடித்தார்கள், பள்ளிக்கூடத்தை மாற்றினார்கள், அந்த மூன்று கல்லை எடுக்க மட்டும் பொக்லைன் ஓட்டுநர் கிடைக்கவில்லை. கடைசியில் பூசாரியை அழைத்து, சேவல் கொடுத்து, வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இதை மாமாவிடம் சொன்னபோது வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் குறிப்பு எடுத்துக்கொண்டார். என் பாட்டி கதை ஒருவர் நோட்டில் ஏறும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அலோர் காஜா போய்ச் சேர்வதற்குள் வானம் கறுத்துவிட்டது. இந்த மாவட்டத்தில் கற்கள் எங்கே என்று தேட வேண்டாம். கம்பத்து (சிற்றூர்) வீடுகளின் பின்புறம், பழத்தோட்டத்தில், இடுகாட்டில் என்று இரண்டு மூன்றாக நிற்கின்றன. தாபோ நானிங் பக்கம் ஒரு சந்தில் இறங்கினோம். மழை கொட்டியது. மாமா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு அளவு நாடாவோடு போய்விட்டார். நான் குடையோடு அவர் பின்னால். வீட்டுக்கார மாக்சிக் (மலாய்க்கார அம்மா) சன்னல் வழியாகப் பார்த்து, இரண்டு பைத்தியங்கள் என்று முடிவு செய்திருக்கவேண்டும், கோப்பி ஓ போட்டுக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார். அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துருவலும் கொடுத்தார். எந்த ஊர், என்ன மதம், எதற்கு அளக்கிறீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது "கல்லுக்கு எவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேட்டார். மாமா விரலால் 1.32 மீட்டர் என்று காட்டப் பார்த்துத் தோற்றுப்போனார்.

வண்டியை எடுத்தால் பின்சக்கரம் சேற்றில். பள்ளிவாசலில் இருந்து திரும்பிக்கொண்டிருந்த பையன்கள் நாலு பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். ஒருவன் சட்டை முழுக்கச் சேறு. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. வீடு வந்து சேர இரவு பத்தரை. என் முதுகு என்னுடையதாக இல்லை.

ஜூன் 14, சனி – வடக்கே

பினாங்கு என்றதும் மனைவியும் மகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வருவது சாப்பாட்டுக்கு, கல்லுக்கு இல்லை என்பதை முதலிலேயே அறிவித்துவிட்டார்கள்.

தஞ்சோங் மாலிம் தாண்டியதும் மாமா முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிலிம் ரிவர், சுங்காய் என்று பலகைகள் வர வர, அந்தக் கற்பலகைக் கல்லறைகள் 1920களிலும் 30களிலும் தோண்டப்பட்ட கதை. உள்ளே இரும்புக் கருவிகள், பானை ஓடுகள், கண்ணாடி மணிகள், சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த மணிகள். எலும்பு நிற்காது, இந்த மண்ணின் புளிப்பு அப்படி. அந்த இரும்புக் கருவிகளைக் கண்டெடுத்த கிராமத்தார் அவற்றைக் குரங்கின் எலும்பு என்று நம்பினார்கள்: காட்டில் முன்கை இரும்பாலான ஒரு பெருங்குரங்கு இருந்ததாம். மகள் இதற்கு மட்டும் காதிலிருந்து ஒலிப்பானை எடுத்தாள்.

சூதுபவளத்தில்தான் மாமா சொன்ன தொடர்பு இருக்கிறது. நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணலில் அந்தக் கல்லை அறுத்து, தேய்த்து, துளை போட்டு மணியாக்கும் பட்டறைகளே இருந்திருக்கின்றன. அங்கும் கல்வட்டங்களுக்குள் இருந்த கல்பதுக்கைகளில் அந்த மணிகளைச் செத்தவரோடு வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியா முழுக்க அந்தக் காலத்துக் கல்லறைகளில் இந்தியச் சூதுபவளம் கிடைக்கிறது. தாய்லாந்தில் குவான் லுக் பாட்டில் 'பெரும்பதன் கல்' என்று தமிழியில் எழுதிய ஒரு பொற்கொல்லரின் உரைகல்லே கிடைத்தது. "கல்லை யாரும் தூக்கிட்டு வரல மாப்பிள்ளை. மணி வந்திருக்கு. பை நிறைய வந்திருக்கு."

கல்லறைகள் இருந்த இடத்துக்குப் போக வழி விசாரித்தோம். செம்பனைத் தோட்டங்களுக்குள் எங்கோ என்று கையைக் காட்டினார்கள். மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். போகவில்லை.

பீடோரில் இறங்கிக் கொய்யா வாங்கினோம், மூன்று கிலோ 15 வெள்ளி, கூடவே உப்புக்கலந்த புளிப்புத் தூள் ஒரு பொட்டலம். 1936இல் இந்த ஊர் ஈயச் சுரங்கத்தில்தான் எட்டுக் கை அவலோகிதேஸ்வரர் வெண்கலச் சிலை கிடைத்தது, முந்தாநாள் அருங்காட்சியகத்தில் பார்த்தோமே என்றார் மாமா. கொய்யா விற்ற சீன அக்காவிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அப்படியா, தங்கமா?" என்றார் அவர்.

ஈப்போ தாண்டி நெரிசல். பாலம் கடக்க இருட்டிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு – புக்கிட் மெர்தாஜாம்

பினாங்கின் பெருங்கல் என்று இணையத்தில் எங்கே தேடினாலும் வருவது செரோக் தோக்குன். புனித அன்னம்மாள் ஆலய வளாகத்துக்குள் இருக்கிறது. ஜூலை கடைசியில் திருவிழா வந்தால் நாடு முழுக்க இருந்தும் லட்சக்கணக்கில் கூடும் இடம். சீனர், தமிழர், இந்து, கிறிஸ்தவர் என்று பாகுபாடு கிடையாது. இன்று சாதாரண ஞாயிறு, ஆனாலும் கார் நிறுத்த இடமில்லை. சேலை கட்டி மல்லிகை வைத்த பெண்கள் மெழுகுவர்த்தியோடு போய்க்கொண்டிருந்தார்கள். மாமா செருப்பை எங்கே விடுவது என்று தேடினார். இங்கே விடவேண்டாம் மாமா என்று சொன்னபிறகும் மனசில்லாமல்தான் நடந்தார்.

பாறை பெரியது. மேலே எழுத்து இருக்கிறது. பல்லவ எழுத்து வகை, சமஸ்கிருதம். ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 19ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டு எழுதினார். செபராங் பிறையில் 1834இல் மாலுமி புத்தகுப்தனின் கல்வெட்டைக் கண்டுபிடித்தவரும் அவர்தான், அந்தக் கல் இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது. இங்கே எழுத்து மிகவும் தேய்ந்துவிட்டது. பத்து மணி வெயில் சாய்வாக விழுந்தபோது ஒரு வளைவும் ஒரு கொக்கியும் தெரிந்தன, மேகம் வந்ததும் அதுவும் போயிற்று.

மாமா இரண்டு சுற்றுச் சுற்றினார். "இது பெருங்கற்சின்னம் இல்லீங்க."

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை தூரம் வந்து, வெயிலில் நின்று, இது இல்லையா?

பெரிய கல்லாக இருந்துவிட்டால் போதாது, மனிதன் அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கவேண்டும், அல்லது அடுக்கியிருக்கவேண்டும். இது மலையோடு பிறந்த பாறை, யாரோ வந்து எழுதியிருக்கிறார்கள். அருமையான கல்வெட்டு, ஆனால் வேறு சாதி. யாரோ ஒருவர் எழுதியதைப் பார்த்து எல்லாரும் எழுதுகிறார்கள் என்றார். எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. சரியாக இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்ல இவ்வளவு தூரம் வரத் தயாராக இருக்கும் ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

மெழுகுவர்த்தி ஏற்ற வந்த ஒரு தமிழ்ப் பாட்டி எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார். "என்னப்பா கல்லுல தேடுறீங்க, வேண்டுதலா?" என்றார். இல்லை பாட்டி, எழுத்து என்றேன். "எனக்குத் தெரிஞ்ச நாளா இருக்கு. அன்னம்மா வர்றதுக்கு முன்னாடியிருந்தே இருக்குதாம், அதனால நான் இதுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போவேன்" என்று சொல்லிப் போட்டுவிட்டும் போனார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே வாதத்தில் ஜெயித்துவிட்டார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெடாவில் கதை வேறு. பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சண்டியின் (பழங்கோயிலின்) அடித்தளத்தை 2013இல் வீடமைப்புக்காக இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். செய்தி வந்தபோது நாடே கொதித்தது, தமிழ்ப் பத்திரிகைகள் நாள்கணக்கில் எழுதின. அந்த இடத்தில் கும்பிடு போட யாரும் இருக்கவில்லை.

திரும்பும் வழியில் சாலையோரம் கம்பத்து டுரியான், கிலோ 18 வெள்ளி. மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சுளை தின்றார், அப்புறம் மூக்கை விட்டுவிட்டு மூன்று தின்றார். இரவு முழுக்க வயிறு சூடு என்று மோர் கேட்டார். பட்டர்வொர்த்தில் ராத்திரி பதினொரு மணிக்கு மோருக்கு அலைந்த அனுபவம் தனியாக எழுதவேண்டியது.

ஜூன் 16, திங்கள் – ஜார்ஜ்டவுன்

இன்று கல் கிடையாது என்று மனைவி காலையிலேயே சட்டம் போட்டுவிட்டாள். கெப்பாலா பத்தாஸ் பக்கம் குவார் கெப்பாவில் 2017இல் கிடைத்த பினாங்குப் பெண்ணின் எலும்புக்கூட்டைப் பற்றி மாமா ஆரம்பித்தார். ஐயாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கிளிஞ்சல் மேடு என்பது வரைதான் சொல்ல முடிந்தது.

மத்தியானம் நாசி கண்டார். வரிசை கடைக்கு வெளியே வெயிலில் நின்றது. சோற்றின் மேல் மூன்று குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றியதைப் பார்த்து மாமா பதறினார். "தனித்தனியா வைக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை." அதைச் சொன்னால் கடையில் எல்லாரும் நம்மைப் பார்ப்பார்கள் என்றேன். கோழி, வெண்டைக்காய், மீன் முட்டை, சோறு: ஒரு தட்டு 19 வெள்ளி. 380 ரூபாய் என்று சொல்லிவிட்டு, மீன் முட்டையைச் சாப்பிட்டபின் கணக்கை விட்டுவிட்டார்.

கல்லாவில் இருந்த பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டு "எந்த ஊருங்க நீங்க?" என்றார். அவர் அத்தாவுக்குப் பூர்வீகம் கடையநல்லூர். சின்ன வயதில் ஒருமுறை போனபோது ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் வட்டமாகக் கல் பதித்த இடத்தைக் காட்டி, அங்கே போகாதே, பாண்டவர் குழி என்று மிரட்டினார்களாம். கடையில் வரிசை நிற்கிறது, பெரியவர் சில்லறையை ஒரு கையில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் மேசைமேல் அந்த வட்டத்தை வரைந்து காட்டுகிறார். மாமா நோட்டை எடுத்துவிட்டார். எத்தனை அடி அகலம், நடுவில் பலகைக்கல் தெரிந்ததா, மண் மேடாக இருந்ததா, கல் கறுப்பா சிவப்பா. பின்னால் நின்ற சீன இளைஞன் பொறுமையாகத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றான். பெரியவர் தே தாரிக்குக் காசு வாங்கவில்லை.

ஊருக்குப் போனதும் முதல் வேலை கடையநல்லூர்தான் என்கிறார் மாமா. கிருஷ்ணகிரியிலிருந்து 500 கிலோமீட்டருக்குப் பக்கம் இருக்கும். டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு எங்களை அங்கே வரச் சொல்கிறார், மல்லசந்திரத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாமாம். என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "தி.நகருக்கு எத்தனை நாள் சித்தப்பா?" என்று பேரத்தை ஆரம்பித்துவிட்டாள்.